மேற்கோளைத் தொலைத்த மேடை

சொற்களின் பொருள் மாறுவது இயல்பு. சில சொற்களின் மாற்றத்தில் மட்டும் ஒரு சமூகத்தின் பழக்கம் மாறிய கதையும் அடங்கியிருக்கும். ‘மேற்கோள்’ அப்படிப்பட்ட சொல். பள்ளி மாணவர் ஒருவரிடம் மேற்கோள் என்றால் என்ன என்று கேட்டுப்பாருங்கள். பிறர் சொன்னதை எடுத்தாள்வது என்பார். குறளடி ஒன்று, பாரதியின் வரி ஒன்று, அப்துல் கலாம் சொன்னதாக ஏதோ ஒன்று. பழைய தருக்க மரபில் அச்சொல்லின் பொருள் வேறு. பேசுபவன் தான் நிறுவுவதற்காக எடுத்துக்கொண்ட கருத்தே மேற்கோள். மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டு நூற்பாக்களின் பொருளையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் வரிசையில்தான் விரித்துச் செல்கிறது. நான் சொல்வது இது, இதனால் சொல்கிறேன், இதைப் போன்றது அது. மூன்றே படிகள்.

நம் பள்ளிகளின் பேச்சு மேடையில் புதிய பொருளிலான மேற்கோள்கள் பெருகிவிட்டன; பழைய பொருளிலான மேற்கோள் காணாமற் போய்விட்டது. மாணவரிடம் பிறர் கருத்துகள் பத்து இருக்கின்றன. அவர் நிறுவ வந்த கருத்து ஒன்றுகூட இல்லை. இதைக் குரலும் உச்சரிப்பும் சரிசெய்ய முடியாது. அவையோரை ஒரு கருத்துக்கு இணங்கவைக்கும் பேச்சில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் முதல் வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவாகிவிடுகின்றன என்பதும், அந்தத் தேர்வை நாம் எவருக்கும் கற்பிப்பதில்லை என்பதும் இக்கட்டுரையில் நான் சொல்ல வருபவை.

*

விம்கோ நகரிலும் அதைச் சூழ்ந்த திருவொற்றியூர், எர்ணாவூர்ப் பகுதிகளிலும் பள்ளிப் பேச்சுப் போட்டிகளுக்கு நடுவராகச் சென்று வருபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். தலைப்புகள் எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான். ‘சுற்றுச்சூழலைக் காப்போம்’, ‘நெகிழியைத் தவிர்ப்போம்’, ‘வாசிப்பே சுவாசிப்பு’, ‘மழைநீர் உயிர்நீர்’. தலைவர்களின் பிறந்தநாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை நடத்தும் போட்டிகளில் காந்தி, அம்பேத்கர், பெரியார், அண்ணா ஆகியோரின் பணிகள். பிள்ளைகள் நன்றாகவே பேசுகிறார்கள். லகர ளகர ழகரம் பிசகுவதில்லை. கையசைவு, நிறுத்தம், குரலின் ஏற்ற இறக்கம் எல்லாம் பயிற்றப்பட்டவை. ஐந்து மணித்துளி முடிந்து அவையோர் கைதட்டிவிட்டு அடுத்த பிள்ளைக்குக் காத்திருப்பார்கள். அரங்கில் எவர் மனமும் அணுவளவும் அசைந்திருக்காது. அசைய வேண்டிய தேவையே இருக்கவில்லை. சுற்றுச்சூழலைக் காக்கக் கூடாது என்ற எண்ணத்தோடு வந்தவர் அங்கே ஒருவரும் இல்லை.

நடுவருக்குத் தரப்படும் மதிப்பெண் தாளையும் பாருங்கள். உச்சரிப்பு, மொழிநடை, உடல்மொழி, நேரம், கருத்து என்று கட்டங்கள் இருக்கும். ‘கருத்து’ என்ற கட்டத்தில் நாம் அளப்பது எத்தனை செய்தி சொன்னார், எத்தனை பாடல் சொன்னார் என்பதைத்தான். அவர் எதை நிறுவ வந்தார், நிறுவினாரா என்று கேட்கும் கட்டம் நான் பார்த்த எந்தத் தாளிலும் இல்லை. இல்லாத கட்டத்துக்காக எந்த ஆசிரியர் பயிற்சி தருவார்? பிள்ளைகளைக் குறை சொல்வதில் பொருளில்லை. அளவுகோலைக் கையில் வைத்திருப்பவர்கள் நாம்.

இந்தக் குறை நம் மரபில் இருந்து வந்தது என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. மரபு நேரெதிராக இருந்தது. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் கற்பிக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வாதத்தின் உறுப்புகளைச் சொல்கிறார். மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனெனில் புகை இருக்கிறது, அடுக்களையைப் போல என்ற புகழ்பெற்ற எடுத்துக்காட்டு அங்கே வருகிறது. ‘பக்கம்’ என்பதுதான் நாம் பேசும் மேற்கோள். அறவண அடிகள் அத்தோடு நிற்கவில்லை. பக்கம் போலத் தோன்றி உண்மையில் பக்கமாகாதவை எவை என்று ‘பக்கப்போலி’ ஒன்பது வகையை அடுக்குகிறார். காப்பியம் படித்த நம்மில் பலர் இப்பகுதியை வறட்டுத் தருக்கம் என்று வேகமாகக் கடந்துவிடுகிறோம். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல கைநூல் தமிழில் இல்லை என்பேன்.

ஒன்பதில் நான்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

கண்ணும் காதும் அறிந்ததற்கு மாறாகச் சொல்வது பிரத்தியக்க விருத்தம். ஒலி செவிக்குப் புலப்படாதது என்பது காப்பியம் தரும் எடுத்துக்காட்டு. நமக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் மாசு ஏதும் இல்லை என்னும் பொருளில்தான் துறைமுகத் தரப்பின் முதல் அறிவிப்பு அமைந்தது. அடுத்த நாட்களில் எர்ணாவூர்க் கரையில் கரிய எண்ணெய்ச் சேற்றை ஆட்கள் வாளி வாளியாக அள்ளிக்கொண்டிருந்ததை நாடே பார்த்தது. பக்கப்போலி பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய பிழை இல்லை என்பதற்காக இதைச் சொன்னேன்.

தன் சொல்லைத் தானே மறுப்பது சுவசன விருத்தம். என் தாய் மலடி என்பது காப்பியத்தின் எடுத்துக்காட்டு. நெகிழிப் பதாகையைப் பின்னால் கட்டிக்கொண்டு நெகிழி ஒழிப்பைப் பேசவைப்பது நம் எடுத்துக்காட்டு.

எதிரிலிருப்பவர் ஒப்பாத ஒன்றை ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொண்டு பேசுவது அப்பிரசித்த விசேடணம். எப்பொருளும் முற்றாக அழிவதில்லை என்ற கொள்கையுடைய சாங்கியனிடம் போய்ப் பௌத்தன் ஒலி அழியக்கூடியது என்றால், அழிதல் என்பதையே முதலில் நிறுவ வேண்டியிருக்கும். அதை நிறுவாமல் மேலே செல்ல வழியில்லை.

நான்காவதுதான் நம் மேடையின் நோய். எதிரிலிருப்பவர் முன்பே ஏற்றுக்கொண்டுள்ள ஒன்றை அவருக்கே நிறுவப் புறப்படுவது. அப்பிரசித்த சம்பந்தம் என்று இதற்குப் பெயர். ஒலி நிலையற்றது என்று பௌத்தனிடமே வாதிடுவது அதற்கு எடுத்துக்காட்டு. அவன் ஏற்கெனவே அந்தக் கொள்கையில்தான் நிற்கிறான். அவனிடம் சாதிப்பதற்கு என்ன இருக்கிறது? இதைப் பயனற்ற பேச்சு என்று சொல்லிவிட்டுவிடாமல், போலிகளின் பட்டியலில் சேர்த்துப் பிழை என்றே வகுத்தார்கள் என்பது என்னை எப்போதும் வியக்கவைக்கும். உண்மையான கூற்றாக இருந்தாலும், மறுப்பார் இல்லாத இடத்தில் அது வாதப்பொருள் ஆகாது. ‘மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்’ என்று நம் பிள்ளைகள் முழங்கும்போதெல்லாம் சாத்தனார் எங்கோ அமர்ந்து இந்தச் சொற்றொடரைத் தாளில் குறித்துக்கொள்வார் என்று தோன்றும்.

*

‘தலைப்பு வேறு, மேற்கோள் வேறு’ என்பதிலிருந்து தொடங்கலாம். எண்ணூர்க் கழிமுகம் என்பது தலைப்பு. அதைப் பற்றி எதையும் சொல்லலாம். எதையும் சொல்லலாம் என்பதாலேயே எதுவும் சொல்லாமல் போகலாம். ‘எண்ணூர்க் கழிமுகத்தைக் காப்போம்’ என்பது முழக்கம். மேலே சொன்ன நான்காவது பிழை.

முழக்கத்தின் வெறுமையை உணர்ந்த துடிப்பான மாணவர் அடுத்து எதிர்முனைக்குத் தாவுவார். ‘மணலி முதல் எண்ணூர் வரை எல்லா ஆலைகளையும் மூட வேண்டும்’ என்பார். மறுப்பதற்கு அரங்கில் பலர் உண்டு என்பதால் இது மேற்கோள்தான். கட்டுரையாளனின் அரசியல் எதுவாயினும் இருக்கட்டும். ஐந்து மணித்துளியில் நிறுவக்கூடிய கூற்றா இது? எதிரே அமர்ந்திருக்கும் பெற்றோரில் பாதிப் பேருக்கு அந்த ஆலைகளின் ஒப்பந்தப் பணியிலும், அவற்றுக்காக ஓடும் லாரிகளிலும், வாயிலில் இருக்கும் தேநீர்க் கடைகளிலும்தான் பிழைப்பு. விம்கோ நகர் என்ற பெயரே வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற தீப்பெட்டி ஆலையின் பெயர்ச்சுருக்கம். ஆலை இல்லாமல் ஊர்ப்பெயரைக்கூட உச்சரிக்க முடியாத இடம் இது. ஆலையால் வரும் கேடு ஆலையால் வரும் சோற்றைவிடப் பெரிது என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டதாக வைத்துக்கொண்டு பேசினால், சாங்கியனிடம் பேசிய பௌத்தனின் நிலைதான்.

இன்னொரு மாணவர் ‘நம் ஊரின் நோய்கள் அனைத்துக்கும் ஆலைப் புகையே காரணம்’ என்பார். இதில் ‘அனைத்தும்’ என்ற ஒரே சொல் பேச்சைக் கொன்றுவிடுகிறது. ஆலைப்புகையால் வராத ஒரு நோயை எவரேனும் சொல்லிவிட்டால் போதும். சொல்லியதில் இருந்த உண்மையும் சேர்ந்து உதறப்படும். 2024 அக்டோபரில் திருவொற்றியூரின் பள்ளி ஒன்றில் ஏதோ வாயுவின் நெடி பரவி மாணவிகள் மயங்கி விழுந்தார்கள். நவம்பர் தொடக்கத்தில் பள்ளி திறந்தபோது மீண்டும் அதே நிலை. வாயு எங்கிருந்து வந்தது என்பது அந்நாட்களில் உறுதிசெய்யப்படவில்லை. இந்த நிகழ்வைச் சான்றாகக் காட்டி ஏதேனும் ஓர் ஆலையின் பெயரை மேடையில் சொல்லும் மாணவர், தம்மிடம் இல்லாத சான்றைச் செலவழிக்கிறார். அந்தப் பிள்ளைகள் மயங்கியது உண்மை. அந்த உண்மையிலிருந்து நிறுவக்கூடியது எது என்பதுதான் கேள்வி.

நிறுவக்கூடியது ஒன்று உண்டு என்றே நினைக்கிறேன்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணூர்ப் பெரியகுப்பத்தருகே, கப்பலிலிருந்து கோரமண்டல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரக் கடலடியில் போடப்பட்டிருந்த குழாயில் கசிவு ஏற்பட்டது. நெடி தாங்காமல் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். கிடைத்த வண்டியில் ஏறினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். எத்திசையில் ஓட வேண்டும், ஓடத்தான் வேண்டுமா என்பது பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கவில்லை. தீ என்றால் வெளியே ஓட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளிகளில் நடக்கும் பாதுகாப்பு ஒத்திகையும் அதைத்தான் சொல்லித்தருகிறது: மணி அடித்ததும் வரிசையாக மைதானத்துக்கு வா. நச்சு வாயு பரவும்போது மைதானமே ஆபத்தான இடமாக இருக்கக்கூடும். கசிவு குறுகிய நேரத்ததாக இருந்தால் கதவு சன்னல்களை அடைத்து, ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு உள்ளேயே இருப்பது நல்லது என்பதும், வெளியேறத்தான் வேண்டுமென்றால் காற்று வீசும் திசையோடு ஓடாமல் அதற்குக் குறுக்கே விலக வேண்டும் என்பதும் பேரிடர் மேலாண்மையின் பாலபாடம்.

இப்போது ஒரு பத்தாம் வகுப்பு மாணவி மேடையேறி இப்படித் தொடங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள்: “தீக்கு அடிக்கும் மணியை வாயுக் கசிவுக்கு அடிக்கக் கூடாது. நம் பள்ளிக்கு இரண்டு மணிகள் வேண்டும்.”

இந்த ஒரு கூற்றில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். அரங்கில் இதை முன்பே ஏற்றுக்கொண்டவர் அநேகமாக இல்லை. பெரும்பாலோர் இப்படி யோசித்தே இருக்கமாட்டார்கள். மறுப்பதற்கும் இடமிருக்கிறது. ஓட்டுக் கூரையும் உடைந்த சன்னலும் உள்ள வகுப்பறையை எப்படி அடைப்பது, குழப்பத்தில் பிள்ளைகள் மணியை மாற்றிப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்று ஓர் ஆசிரியர் எழுந்து கேட்கலாம். நியாயமான கேள்விகள். அவற்றுக்கு விடை தேடும்போது பேச்சு ஆழமடையும். அதே சமயம், ஏற்கமுடியாத எதையும் இக்கூற்று எவர்மேலும் சுமத்தவில்லை. ஆலையில் வேலைபார்க்கும் தந்தையும் இதற்குத் தலையசைப்பார். கசிவு ஏற்பட்டால் முதலில் மூச்சடைப்பது அவருக்குத்தான். சான்றும் அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2023, 2024 நிகழ்வுகள் எல்லோர் நினைவிலும் உள்ளன. போபாலுக்குப் பின் வந்த 1989ஆம் ஆண்டின் அபாயகரமான வேதிப்பொருள் விதிகள், பெருவிபத்தால் பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்தின் தன்மையையும் அப்போது செய்ய வேண்டியதையும் முன்கூட்டியே அறிவிக்கச் சொல்கின்றன. அதை எடுத்துக்காட்டி, நமக்கு யாரேனும் அறிவித்தார்களா என்று அவள் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் கேட்பதைச் செய்யக்கூடியவர் முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். தலைமையாசிரியர் நினைத்தால் அடுத்த வாரமே ஒத்திகை நடத்தலாம்.

மேற்கோளைத் தேர்ந்தெடுக்கும் முறை முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. இதை மறுப்பவர் இந்த அரங்கில் உண்டா? மறுப்பவரும் நானும் சேர்ந்து நிற்கக்கூடிய தரை ஏதேனும் உண்டா? எனக்குத் தரப்பட்ட நேரத்தில், என்னிடமுள்ள சான்றைக்கொண்டு இதை நிறுவ முடியுமா? ஏற்றுக்கொண்டால் யார், என்ன செய்ய வேண்டும்? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை இருந்தால் அது மேற்கோள். முதற்கேள்விக்கே விடை இல்லையென்றால் அது வாழ்த்துரை.

ஸ்டீபன் டூல்மின் என்ற ஆங்கிலேய மெய்யியலாளர் 1958இல் வெளியிட்ட நூலில் வாதத்தைக் கூற்று, சான்று, சான்றிலிருந்து கூற்றுக்குச் செல்ல அனுமதிக்கும் நியாயம் என்று பிரித்துக் காட்டினார். மேலைநாட்டுப் பள்ளிகளில் கட்டுரையும் பேச்சும் பயிற்றுவிக்க இந்தப் பகுப்பு பெரிதும் பயன்படுகிறது. மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று பிரித்து வைத்திருந்த நாம் அதைச் சைவ சித்தாந்த வகுப்புக்குள் பூட்டி வைத்துவிட்டோம்.

*

பயன்படு கோரிக்கைகள் மட்டும்தான் மேற்கோளாக முடியும் என்று சொல்வதாக எவரும் கருத வேண்டாம். அறிந்ததாக நினைத்திருந்த ஒன்றைப் புரட்டிக் காட்டும் கூற்றும் அவையை அசைக்கும். ‘மெரினாவின் மணலில் நமக்கும் பங்குண்டு’ என்று ஒரு திருவொற்றியூர்ப் பையன் தொடங்கினால் எப்படியிருக்கும்? அரங்கம் சிரிக்கும், பிறகு நிமிர்ந்து உட்காரும். அவன் நிறுவ வேண்டியது கடினமானதன்று. நம் கடற்கரையை ஒட்டி ஆண்டு முழுதும் மணல் நகர்ந்துகொண்டே இருக்கிறது; கூட்டிக்கழித்துப் பார்த்தால் அதன் நடை தெற்கிலிருந்து வடக்கு நோக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது அந்த நடை தடைப்பட்டது. தெற்கே தேங்கிய மணல் அகன்ற கடற்கரையாயிற்று. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாச்சாலை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். வடக்கே வரவேண்டிய மணல் வராததால் கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை குப்பங்கள் தெருத்தெருவாகக் கடலுக்குள் போன கதையைச் சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாத்தா இருக்கிறார். கரையெங்கும் கொட்டப்பட்ட பாறைகளும் தூண்டில் வளைவுகளும் அதற்குச் சாட்சி.

இந்தக் கூற்றிலிருந்து அவன் எங்கே செல்கிறான் என்பது அவன் விருப்பம். கடலரிப்புத் தடுப்பின் செலவில் துறைமுகம் பங்கேற்க வேண்டும் என்று முடிக்கலாம். தூண்டில் வளைவு போட்ட இடத்தில் கரை நின்று அடுத்த குப்பத்தில் அரிப்பு கூடுகிறதே என்று எவரேனும் கேட்டால், அதற்கும் தன் விளக்கத்துக்குள்ளேயே விடை இருப்பதை அவன் கண்டுகொள்வான். துறைமுகம் செய்ததையே தூண்டில் வளைவும் சிறிய அளவில் செய்கிறது. நல்ல மேற்கோளின் இயல்பு அது. பேசுபவனுக்குத் தெரிந்ததைவிடச் சற்று அதிகமாக அதற்குத் தெரிந்திருக்கும்.

தலைவர்கள் பற்றிய தலைப்புகளிலும் இது இயலும். ‘அண்ணாவின் தமிழ்ப்பணி’ என்று தந்தால் நம் பிள்ளைகள் அவருடைய அடுக்குமொழியைப் போலி செய்துவிட்டு இறங்குகிறார்கள். இந்தி பற்றிய விவாதத்தில் எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் தேசியப் பறவையாக மயிலை விட்டுவிட்டுக் காக்கையை அல்லவா வைத்திருக்க வேண்டும் என்ற பொருளில் அண்ணா கேட்டது இன்றும் பேசப்படுகிறது. அங்கே அடுக்குமொழி இல்லை, உரத்த குரலுக்கும் தேவையில்லை. ‘பெரும்பான்மை ஒன்றே பொதுமொழிக்குத் தகுதியாகாது’ என்ற குறுகிய, கூரிய மேற்கோள் ஒன்று. மறுதரப்பாரும் அன்றாடம் காணும் பறவை ஒன்று திட்டாந்தமாக. எதிரே இருந்தவர் மயிலை ஏற்றுக்கொண்டவர் என்பதால் அவருக்கு நழுவ வழியில்லை. ‘அண்ணாவின் பேச்சாற்றல் அடுக்குமொழியில் இல்லை’ என்று ஒரு மாணவர் தொடங்கி இதை விளக்கினால், நடுவர் இருக்கையில் இருப்பவர் தூங்கமாட்டார்.

*

எதிர்க்கருத்துகள் உண்டு. பேச்சுப் போட்டியின் நோக்கமே மொழிப்பயிற்சிதான், கூச்சம் போக்குவதுதான், வாதம் பிறகு வரட்டும் என்பார்கள். மொழியழகின் மதிப்பை நான் குறைக்கவில்லை. தமிழ் படித்தவன் எப்படிக் குறைப்பான்? ஆனால் சொல்வதற்கு ஒன்று உள்ள பிள்ளைக்கு மொழி தானே வந்து கைகொடுப்பதைக் கண்டிருக்கிறேன். எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்கும் பிள்ளை ஒரு சொல்லை மறந்தால் அங்கேயே நின்றுவிடும்; தான் நிறுவ வந்தது என்னவென்று அறிந்த பிள்ளை வேறு சொல்லால் தொடரும்.

பட்டிமன்றம் இருக்கிறதே என்றும் கேட்கலாம். பட்டிமண்டபத்தில் ஏறி வாதிடுமாறு சமயக் கணக்கரை அழைக்கும் பூம்புகாரை மணிமேகலை நமக்குக் காட்டுகிறது. அவர்கள் தாம் நம்பியதற்காக ஏறியவர்கள். இன்றைய பள்ளிப் பட்டிமன்றத்தில் அணி சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்படுகிறது. தீர்ப்பு இரண்டுக்கும் நடுவே இனிப்பாக வந்து அமர்கிறது. மறுதரப்பு இருக்கிறது என்பது வரை நன்று. மேற்கோளைத் தானே தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அங்கும் மாணவருக்குத் தரப்படுவதில்லை.

வலிமையான எதிர்க்கருத்து வேறொன்று. இத்தகைய பேச்சுகள் பள்ளிக்குத் தொல்லை கொண்டுவரும். நன்கொடை தரும் ஆலைக்குக் கசக்கும். அரசியல் என்று பெயர் வரும். பிள்ளைகளை ஏன் இதில் இழுக்க வேண்டும்? தலைமையாசிரியர்களின் இந்த அச்சம் பொய்யன்று. அதனால்தான் இரண்டு மணிகளைப் பற்றிய கூற்றை முன்வைத்தேன். எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் உண்மையான ஒன்றைக் கேட்க முடியும். பிள்ளைகளை இழுக்க வேண்டாம் என்பதற்கோ என்னிடம் ஒரே விடைதான். வாயு அவர்களை ஏற்கெனவே இழுத்துவிட்டது. 1992இல் ரியோ மாநாட்டில் கனடாவிலிருந்து வந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி செவர்ன் சுசுகி பேசியதை உலகம் இன்னும் நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் அவளுடைய வயதன்று. முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்களை நேரே நோக்கி, உங்களுக்குச் சரிசெய்யத் தெரியாததை மேலும் கெடுக்காதீர்கள் என்ற பொருளில் அவர்களால் மறுக்கவும் முடியாத, ஏற்று நடக்கவும் இயலாத ஒன்றை அவள் முன்வைத்தாள்.

*

இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்குப் பேச்சுப் போட்டி என்ன அவ்வளவு பெரிய காரியமா? இல்லை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபின் ஏறப்போகும் மேடைதான் பெரிய காரியம்.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெருந்திட்டங்கள் பலவற்றுக்கு ஒப்புதல் தருமுன் அந்தப் பகுதி மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும், மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் வருபவரோ தலைமை தாங்குவார், பேசுவது பதிவாகும். அங்கே முடிவு எடுக்கப்படுவதில்லை. எழுந்த கேள்விகளும் அவற்றுக்குத் திட்டத் தரப்பு தந்த விடைகளும் எழுத்தாகி, பின்னர் நிபுணர் குழுவின் முன் செல்கின்றன. எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத் திட்டத்துக்கு 2024 டிசம்பரில் எர்ணாவூரில் அப்படியொரு கூட்டம் நடந்தது. 1970இல் தொடங்கிய பழைய நிலையம் 2017இல் மூடப்பட்ட இடத்தருகே 660 மெகாவாட் புதிய நிலையம் என்பது திட்டம். வட சென்னைக்காரனின் வாழ்வில் இத்தகைய கூட்டங்கள் வந்துகொண்டே இருக்கும். இந்தப் பகுதியின் விதி அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் ஒலிவாங்கி கைக்கு வருவது சில மணித்துளிகளுக்குத்தான். எங்கள் ஊரை அழிக்காதீர்கள் என்று நெஞ்சம் வெடிக்கக் கதறலாம். அந்தக் கதறலில் பொய்யேதும் இல்லை. ஆனால் பதிவேட்டில் அது ‘பொதுமக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்’ என்ற ஒற்றை வரியாகிவிடும். அதற்குத் திட்டத் தரப்பு ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று எழுதி முடித்துவிடலாம். இந்த மதிப்பீட்டில் காற்றின் திசை எந்த மாதங்களில் அளக்கப்பட்டது, எங்கள் பள்ளி அதில் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டால் அதற்கு அப்படி விடை எழுத முடியாது. அந்தக் கேள்விக்குள் ஒரு மேற்கோள் இருக்கிறது: உங்கள் அறிக்கை முழுமையானதன்று. அதை நிறுவ ஏது இருக்கிறது. மறுக்க வேண்டிய கடமை எதிரில் இருப்பவருக்கு வந்துவிடுகிறது.

பதினைந்து வயதில் ‘சுற்றுச்சூழலைக் காப்போம்’ என்று முழங்கிப் பரிசு வாங்கியவர், முப்பது வயதில் அந்த ஒலிவாங்கியின் முன் நின்று அதையே மறுபடியும் முழங்குவார். வேறு எதையும் நாம் அவருக்குச் சொல்லித்தரவில்லை. கோபத்தை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அது இங்கே காற்றோடு வருகிறது. கோபத்தை ஒரு கூற்றாக வடித்தெடுப்பதைத்தான் கற்பிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த போட்டிக்குத் தலைப்பைத் தந்துவிட்டு, அதற்குள் தன் மேற்கோளை ஒரே வாக்கியத்தில் எழுதித்தருமாறு ஒவ்வொரு மாணவரையும் கேட்கட்டும் ஆசிரியர்கள். அந்த வாக்கியத்தை வகுப்பில் படித்துக்காட்டி, இதை மறுப்பவர் யார் என்று கேட்கட்டும். ஒரு கையும் உயரவில்லையென்றால் தாளைத் திருப்பிக்கொடுத்து, வேறு எழுதிவரச் சொல்லட்டும். மதிப்பெண் தாளில் ‘நிறுவ வந்தது என்ன, நிறுவினாரா’ என்று ஒரு கட்டம் கூடுதலாகப் போடுவதை நடுவர்களாகிய நாம் பார்த்துக்கொள்வோம்.